முழங்கை வலி: உழைக்கும் தம்பதிகள் அறிய வேண்டியவை



குடும்ப நலம் என்றதும் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, தாய்ப்பால் இவைதாம் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு குடும்பம் நடப்பது நான்கு கைகளால். கணவனின் இரண்டு கை, மனைவியின் இரண்டு கை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இந்தக் கைகளில் ஒன்று முழங்கையில் வலிக்கத் தொடங்கினால், வீட்டில் அடுப்பும் தடுமாறும், வயலில் வேலையும் தடுமாறும். வலிக்கிறவர் வெளியே சொல்லமாட்டார். சொன்னாலும், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி முடித்துவிடுவோம்.

அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. இந்த வலி பெரும்பாலும் ஆறக்கூடியது. ஆனால் அவசரப்பட்டால் ஆறாது. எப்படி ஆற்றுவது என்பதை இந்தப் பிரசுரம் சொல்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் மற்றவர் படித்துச் சொல்லுங்கள்.

ஒரு வீட்டில் நடந்தது

கரும்பும் மல்லாட்டையும் விளைகிற ஊர். ஐம்பதைத் தாண்டிய ஒரு தம்பதி. கணவர் கரும்பு வெட்டப் போகிறவர். மனைவி களை எடுப்பார், மல்லாட்டை ஆய்வார், வீட்டில் இரண்டு மாட்டுக்குப் பால் கறப்பார். பங்குனி மாதத்தில் ஒரு நாள் கிராம சுகாதார செவிலியர் அந்தத் தெருவுக்கு வந்தபோது, மனைவி அவரைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேச்சை ஆரம்பித்தார்.

மனைவி: "நர்சம்மா, இவரு கையைக் கொஞ்சம் பாருங்க. ராத்திரியில புரண்டு புரண்டு படுக்கிறாரு. கேட்டா ஒண்ணுமில்லேங்கிறாரு."

கணவர்: "ஒண்ணுமில்லம்மா. கத்தி பிடிக்கிற கை, கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். வேலைக்குப் போனாத்தானே கூலி? வெட்டு நடக்கிறப்ப நாம படுத்துக்கிட்டா வேற ஆளை வச்சுக்குவாங்க."

செவிலியர்: "எத்தனை நாளா வலி அண்ணே?"

கணவர்: "பொங்கலுக்கு முன்னாடியிருந்தே. டவுன்ல ஒரு எடத்துல ஊசி போட்டுக்கிட்டேன். போட்ட நாலு நாள்ல வலி பறந்து போச்சு. சந்தோஷமா மறுபடி வெட்டப் போனேன். ஒண்ணரை மாசத்துல திரும்ப வந்துடுச்சு, முன்னைவிட ஜாஸ்தியா. மறுபடி ஒரு ஊசி போட்டேன்."

மனைவி: "அந்த ரெண்டாவது ஊசிக்கு என் கம்மலை அடகு வச்சோம் நர்சம்மா."

செவிலியர் அவருடைய முழங்கையின் உட்பக்க எலும்பு முட்டை விரலால் அழுத்தினார். கணவர் "ஆ" என்று கையை இழுத்துக்கொண்டார். "ஒரு துணியை நனைச்சுப் பிழிஞ்சு கொண்டாங்க அக்கா" என்றார் செவிலியர். மனைவி துண்டை நனைத்து முறுக்கினார். பாதி முறுக்கும்போதே முகம் சுருங்கியது. செவிலியர் அதைக் கவனித்துவிட்டார்.

செவிலியர்: "அக்கா, உங்க கையைக் காட்டுங்க."

மனைவி: "எனக்கென்ன. பொம்பளைங்க வேலைன்னா இதெல்லாம் இருக்கறதுதான்."

அழுத்திப் பார்த்தால், அவருக்கு முழங்கையின் வெளிப்பக்கம் வலி. நான்கு மாதமாக இருக்கிறதாம்.

கணவர்: "ஏன் புள்ள, என்கிட்ட சொல்லவே இல்லையே?"

மனைவி: "நீங்க மட்டும் சொன்னீங்களா?"

ஒரே வீட்டில், ஒரே பாயில் படுக்கிற இரண்டு பேர். இருவருக்கும் கையில் வலி. ஒருவர் வலி மற்றவருக்குத் தெரியவில்லை. இப்படி எத்தனை வீடுகள்!

முழங்கையில் என்ன நடக்கிறது?

முழங்கையைத் தடவிப் பாருங்கள். உட்பக்கம் ஒரு எலும்பு முட்டு, வெளிப்பக்கம் ஒரு எலும்பு முட்டு தட்டுப்படும். மணிக்கட்டையும் விரல்களையும் அசைக்கிற தசைகள் முன்கையில் இருக்கின்றன. அந்தத் தசைகள் கயிறு போலத் திரண்டு இந்த முட்டுகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. இந்தக் கயிற்றுக்குத் தசைநாண் என்று பெயர். நம் ஊரில் இதையும் "நரம்பு" என்றே சொல்கிறோம். உண்மையில் நரம்பு வேறு, தசைநாண் வேறு. நரம்பு உணர்ச்சியைக் கொண்டு போவது. தசைநாண் இழுத்துப் பிடிப்பது.

விரலை மடக்கிப் பிடிக்கிற, மணிக்கட்டை உள்ளே வளைக்கிற தசைகள் உட்பக்க முட்டில் ஒட்டியுள்ளன. மணிக்கட்டை மேலே தூக்குகிற தசைகள் வெளிப்பக்க முட்டில் ஒட்டியுள்ளன. ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்கும்போது இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

கிணற்றுக் கயிறு ஒரே இடத்தில் உரசி உரசி நைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். தசைநாணும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது ஒட்டுகிற இடத்தில் நைந்து போகிறது. இளமையில் உடம்பு அதை அவ்வப்போது பழுது பார்த்துக்கொள்ளும். நாற்பதுக்கு மேல் பழுது பார்க்கிற வேகம் குறைந்துவிடுகிறது. நைவது வேகமாகவும் சரியாவது மெதுவாகவும் இருந்தால் வலி வந்துவிடும்.

இது வீக்கத்தால் வரும் வலி என்றுதான் முன்பு எண்ணினார்கள். நாள்பட்ட வலியில் வீக்கத்தைவிடத் தசைநாண் நைந்திருப்பதுதான் முக்கியம் என்று பின்னர் தெரிந்தது. ஆகவே வீக்கத்தை அடக்கும் மருந்து மட்டும் போதாது. நைந்த கயிற்றை மறுபடி பலப்படுத்த வேண்டும்.

விளையாட்டுப் பெயர், உழைப்பவர் நோய்

வெளிப்பக்க வலிக்கு மருத்துவர்கள் "டென்னிஸ் எல்போ" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1880-களில் இங்கிலாந்தில் டென்னிஸ் ஆடியவர்களிடம் கண்டு வைத்த பெயர் அது. உட்பக்க வலிக்கு "கோல்ஃபர்ஸ் எல்போ" என்று பெயர். புல்வெளியில் நீண்ட மட்டையை வீசிச் சிறு பந்தை அடிக்கும் கோல்ஃப் ஆட்டத்தை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடுகிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பொழுதுபோக்காக ஆடுகிற பெரியவர்களுக்கு இந்த வலி வரும்.

ஆனால் இந்த வலி வருகிறவர்களில் பெரும்பாலோர் மட்டையையே தொட்டதில்லை. கரும்பு வெட்டுகிறவர், மம்பட்டி பிடிக்கிறவர், தச்சர், கொத்தனார், பால் கறக்கிறவர், துணி துவைக்கிறவர், மாவு பிசைகிறவர் ஆகியோருக்கே அதிகம் வருகிறது. மட்டையை இறுக்கிப் பிடித்து வீசுவதும் கத்தியை இறுக்கிப் பிடித்து வீசுவதும் முழங்கைக்கு ஒன்றுதான். மருத்துவமும் ஒன்றுதான்.

உங்களுக்கு எந்த வகை? நீங்களே பாருங்கள்

1. உள்ளங்கையை முன்பக்கம் காட்டிக் கையைத் தொங்கவிடுங்கள். உடம்பை ஒட்டிய பக்கம் உட்பக்கம். மறுபக்கம் வெளிப்பக்கம். எந்த முட்டை அழுத்தினால் வலிக்கிறது என்று பாருங்கள்.

2. கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வையுங்கள். கணவனோ மனைவியோ புறங்கையின் மேல் லேசாக அழுத்தட்டும். நீங்கள் மணிக்கட்டை மேலே தூக்க முயலுங்கள். முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் அது வெளிப்பக்க வகை.

3. இப்போது உள்ளங்கை வானத்தைப் பார்க்கட்டும். துணைவர் உள்ளங்கையில் லேசாக அழுத்தட்டும். நீங்கள் மணிக்கட்டை மடக்கித் தூக்க முயலுங்கள். உட்பக்கம் வலித்தால் அது உட்பக்க வகை.

தண்ணீர்ச் செம்பைத் தூக்கும்போதும், கதவுக் குமிழைத் திருகும்போதும், துணி பிழியும்போதும் வலி கூடுவது இரண்டுக்கும் பொது.

யாருக்கு எளிதில் வரும்?

நாற்பது முதல் ஐம்பதைத் தாண்டும் வயதுக்காரருக்கு அதிகம். ஆண், பெண் வேறுபாடு பெரிதாக இல்லை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குக் கூடுதலாக வருகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் தசைநாண் ஆறுவது தாமதம். பல நாள் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் ஒரு மாத வேலையைச் செய்பவர்களுக்கும் வரும். அறுவடை தொடங்கும் முதல் வாரத்தில் வலி ஆரம்பிப்பது இதனால்தான்.

எத்தனை நாளில் ஆறும்?

மறைக்காமல் சொல்கிறோம். ஒரு வாரத்தில் ஆறாது. ஒழுங்காகப் பயிற்சி செய்தால் ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் நல்ல மாற்றம் தெரியும். சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம் பிடிக்கும். ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுகிறது. அறுவை சிகிச்சை தேவைப்படுவது மிகச் சிலருக்கே.

முதல் கட்டம்: வலியைத் தணித்தல் (முதல் இரண்டு வாரம்)

1. வலியைக் கூட்டுகிற வேலையைக் குறையுங்கள். கையைத் தூளியில் கட்டித் தொங்கவிட வேண்டாம். அசைக்காமலே வைத்தால் தசை மெலிந்து, மூட்டு இறுகிவிடும். வலி கூடாத வேலையைச் செய்துகொண்டே இருங்கள்.

2. அன்றைய வேலை முடிந்து வலி அதிகமாக இருந்தால், ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிப் பத்து நிமிஷம் வையுங்கள். நேராகத் தோலில் வைக்க வேண்டாம். இறுக்கமாக இருந்தால் வெந்நீரில் நனைத்த துணி ஒத்தடம் நல்லது. சர்க்கரை நோயாளிகள் சூட்டை மற்றவர் கையால் சோதித்துவிட்டு வைக்க வேண்டும். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

3. வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் கேடு செய்யும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது. மேலே தடவும் களிம்பு சிலருக்கு ஓரளவு சுகம் தரும்.

4. முழங்கைக்குக் கீழே கட்டும் பட்டை மருந்துக் கடைகளில் கிடைக்கும். வலிக்கிற முட்டின் மேல் கட்டக் கூடாது. முட்டுக்கு இரண்டு விரல் கீழே, சதைப் பகுதியில் கட்ட வேண்டும். வேலை செய்யும்போது மட்டும் போதும். தூங்கும்போது அவிழ்த்துவிடுங்கள். விரல் மரத்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம்.

5. இந்த இரண்டு வாரத்தில் ஒரு சிறு பயிற்சி. முன்கையைத் திண்ணை மேலோ மேசை மேலோ வையுங்கள். வெளிப்பக்க வலிக்காரர் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மற்றக் கையால் புறங்கையை அழுத்துங்கள். உட்பக்க வலிக்காரர் உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, மற்றக் கையால் உள்ளங்கையை அழுத்துங்கள். வலிக்கிற கை அசையாமல் எதிர்த்து நிற்கட்டும். முப்பது எண்ணும் வரை பிடித்து விடுங்கள். ஐந்து தடவை. காலை, மாலை.

இரண்டாம் கட்டம்: கயிற்றைப் பலப்படுத்துதல் (மூன்றாம் வாரம் முதல்)

இதுதான் முக்கிய மருந்து. இதற்குக் காசு செலவில்லை. வேண்டியது ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்.

அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஏறத்தாழ அரை கிலோ. நாற்காலியில் உட்கார்ந்து முன்கையைத் தொடை மேல் வையுங்கள். மணிக்கட்டு முழங்காலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும்.

வெளிப்பக்க வலிக்கு: உள்ளங்கை கீழே பார்க்கப் பாட்டிலைப் பிடியுங்கள். மற்றக் கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிடுங்கள். பிறகு மற்றக் கையை எடுத்துவிட்டு, ஒன்று, இரண்டு என்று ஐந்து எண்ணுவதற்குள் மெதுவாக, மெதுவாக இறக்குங்கள்.

உட்பக்க வலிக்கு: உள்ளங்கை மேலே பார்க்கட்டும். மற்றதெல்லாம் அதேபோல்.

தூக்குவது மற்றக் கை. இறக்குவது வலிக்கிற கை. இதை மறந்துவிடக் கூடாது. மெதுவாக இறக்கும்போதுதான் தசைநாண் பலம் பெறுகிறது.

ஒரு சுற்றுக்குப் பதினைந்து தடவை. இரண்டு நிமிஷம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று. ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும்.

பயிற்சியில் கொஞ்சம் வலி இருக்கும். பயப்பட வேண்டாம். எவ்வளவு வலி இருக்கலாம்? முழு வலி ஒரு ரூபாய் என்று வையுங்கள். நாலணா வலி இருக்கலாம். எட்டணா ஆகக் கூடாது. மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். மறுநாளும் வலி கூடியே இருந்தால் பாட்டிலில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் செய்யுங்கள்.

வலியே இல்லாமல் மூன்று சுற்றும் முடிகிறதா? பாரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். தண்ணீருக்குப் பதில் மணல் நிரப்பலாம். பிறகு ஒரு லிட்டர் பாட்டில். இப்படி மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். வலி போன உடனே பயிற்சியை நிறுத்துவதுதான் பலர் செய்கிற தவறு.

பயிற்சி முடிந்ததும் கையை நேராக நீட்டி, மற்றக் கையால் மணிக்கட்டை மெதுவாக வளைத்து இருபது எண்ணும் வரை பிடியுங்கள். வெளிப்பக்க வலிக்குக் கீழ்நோக்கி, உட்பக்க வலிக்கு மேல்நோக்கி. மூன்று தடவை.

மூன்றாம் கட்டம்: மறுபடி வேலைக்கு

கோல்ஃப் ஆடும் பெரியவர்களுக்கு மருத்துவர் சொல்வது இது: வலி தணிந்ததும் முதலில் பந்தை மெல்லத் தட்டிப் பழகு. பிறகு பாதி வீச்சு. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழு வீச்சு. முதல் நாளே முழு ஆட்டம் ஆடினால் மறுபடி வலி.

கத்தி பிடிப்பவருக்கும் அதே விதி. முதல் வாரம் அரை மணி, ஒரு மணி. வலி கூடவில்லை என்றால் அடுத்த வாரம் அரை நாள். பிறகு முழு நாள். கூலி குறையும் என்பது உண்மை. ஆனால் ஒரேயடியாக இறங்கி மறுபடி மூன்று மாதம் படுப்பதைவிட, ஒரு மாதம் அரைக் கூலி வாங்குவது லாபம்.

ஊசி போடலாமா?

"ஒரே ஊசியில் வலி போய்விடும்" என்று சொல்வார்கள். அது பொய்யல்ல. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் வலி நன்றாகக் குறையும். அதற்குப் பிறகு என்ன என்பதுதான் கேள்வி.

ஆஸ்திரேலியாவில் வெளிப்பக்க வலி உள்ள 198 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஊசி. ஒரு பிரிவுக்குப் பயிற்சி. ஒரு பிரிவுக்கு ஆலோசனை மட்டும். ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களே முன்னால் நின்றார்கள். ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அவர்களே பின்தங்கியிருந்தார்கள். ஊசியால் முதலில் சுகம் கண்டவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு வலி திரும்பிவிட்டது. இந்த முடிவு 2006-இல் வெளியானது. 2013-இல் வெளியான மற்றோர் ஆய்விலும் ஒரு வருஷக் கணக்கில் ஊசி போட்டவர்கள் பின்தங்கியே இருந்தார்கள்.

காரணம் எளிது. ஊசி வலியை மறைக்கிறது. வலி மறைந்ததும் நாம் மறுபடி கத்தியைப் பிடிக்கிறோம். நைந்த கயிறு இன்னும் நைகிறது. மேலும் ஊசி போட்ட இடத்தில் தோல் மெலிந்து வெளுப்பதும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும்.

ஆகவே மருத்துவர் சொல்லாமல் ஊசியைத் தேடிப் போகாதீர்கள். கம்மலை அடகு வைத்து வாங்க வேண்டிய மருந்து இது அல்ல.

உருவுதல், கட்டுப் போடுதல் பற்றி

எண்ணெய் தடவி மெதுவாக நீவிவிடுவதில் தவறில்லை. இதமாக இருக்கும். ஆனால் பலமாக உருவி நெட்டி முறிப்பது, சூடு போடுவது, இறுக்கிக் கட்டி மாதக்கணக்கில் வைப்பது வேண்டாம். முழங்கையின் உட்பக்க முட்டுக்குப் பின்னால் ஒரு நரம்பு ஓடுகிறது. முழங்கை எதிலாவது இடித்தால் சுண்டுவிரல் வரை மின்சாரம் அடித்தது போல் இருக்குமே, அதுதான் அந்த நரம்பு. பலமாக உருவினால் அதற்கு ஊறு வரலாம்.

கணவன் மனைவி வேலைப் பங்கீடு

வலி தீரும் வரை யார் எதைச் செய்வது என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். வலிக்கிறவர் கேட்கத் தயங்குவார். மற்றவர் முந்திக்கொள்ள வேண்டும்.

துணி பிழிவது: முறுக்கிப் பிழியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போடுங்கள். கனமான போர்வையை வலியில்லாதவர் பிழியட்டும். ஆண்பிள்ளை துணி பிழிந்தால் மானம் போய்விடாது.

தண்ணீர் தூக்குவது: ஒரு பெரிய குடத்துக்குப் பதில் இரண்டு சிறு குடம். குழாயடியில் பாதி நிரப்புங்கள். பக்கெட் கைப்பிடியில் துணி சுற்றுங்கள்.

பால் கறப்பது: ஒரு வேளை கணவர், ஒரு வேளை மனைவி.

எதைத் தூக்கினாலும்: இரண்டு கையாலும், உடம்போடு ஒட்டி, முழங்கையை மடக்கி, கட்டைவிரல் மேலே பார்க்கத் தூக்குங்கள். கையை நீட்டி ஒற்றைக் கையால் தூக்குவதுதான் முழங்கைக்கு எமன்.

கருவி: மழுங்கிய அரிவாளுக்கு இரட்டிப்பு பலம் வேண்டும். தினமும் தீட்டுங்கள். பிடி மெல்லியதாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபையோ துணியையோ சுற்றித் தடிமனாக்குங்கள். பிடியைக் கழுத்தை நெரிப்பது போல் நெரிக்க வேண்டாம், நழுவாத அளவு பிடித்தால் போதும்.

ஓய்வு: அரை மணிக்கு ஒரு தடவை கருவியைக் கீழே வைத்து விரலை விரித்து மடக்குங்கள். இரண்டு நிமிஷம் போதும்.

கைபேசி: முழங்கையை மடக்கியே வெகு நேரம் பிடித்துப் பேசினால் உட்பக்க நரம்பு இழுபடும். கையை மாற்றுங்கள்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

கீழே சொன்னவை இருந்தால் வீட்டில் பயிற்சி செய்துகொண்டிருக்க வேண்டாம்.

1. விழுந்து அடிபட்ட பின் வந்த வலி. கையை நீட்டவோ மடக்கவோ முடியாமை.

2. முழங்கை சிவந்து, வீங்கி, சுட்டால், காய்ச்சலும் இருந்தால்.

3. மோதிரவிரல், சுண்டுவிரல் மரத்துப் போனால், பிடி தளர்ந்து பொருள் கைநழுவினால்.

4. கழுத்திலிருந்து கை வரை இழுக்கும் வலி.

5. பல மூட்டுகளில் வலியும் காலையில் வெகு நேரம் இறுக்கமும்.

6. ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் எந்த மாற்றமும் இல்லாமை.

மிக முக்கியம்: இடது கை வலியோடு மார்பில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குதல் இருந்தால் அது முழங்கை வலி அல்ல. மாரடைப்பாக இருக்கலாம். ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எங்கே போவது?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே கையோடு கையாகச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும், அதாவது பிசியோதெரபியும், அடங்கும். உங்கள் பகுதிச் செவிலியரைக் கேளுங்கள்.

சிலர் கேட்கும் கேள்விகள்

"வலிக்கும்போது பயிற்சி செய்தால் இன்னும் கெட்டுப் போகாதா?"
நாலணா வலிக்குள் இருந்தால் கெடாது. மறுநாள் காலை கணக்குப் பாருங்கள். அதுதான் அளவுகோல்.

"எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?"
பெரும்பாலும் தேவையில்லை. தசைநாண் எக்ஸ்ரேயில் தெரியாது. அடிபட்டிருந்தால் மருத்துவர் எடுக்கச் சொல்வார்.

"ஒரு கை சரியானால் மறு கைக்கு வருமா?"
வலிக்கிற கைக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று முழு வேலையையும் மறு கையில் போட்டால் வரக்கூடும். வேலையையே குறைக்க வேண்டும்.

"பீடியை விட்டால் கை சரியாகுமா?"
பீடியை விட்டால் உடம்பு முழுவதும் ஆறும் திறன் கூடும். கையும் அதில் ஒன்று.

அந்தத் தம்பதி என்ன ஆனார்கள்?

செவிலியர் இருவருக்கும் பயிற்சியைச் செய்து காட்டினார். இரவு சாப்பாடு முடிந்ததும் இருவரும் திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து பாட்டிலைப் பிடிப்பார்கள். ஒருவர் எண்ண மற்றவர் இறக்குவார். "ஊரே சிரிக்குது" என்று முதல் வாரம் கணவர் கூச்சப்பட்டார். பிறகு பழகிவிட்டது.

மனைவிக்கு ஆடி மாதத்துக்குள் வலி நின்றது. கணவருக்கு அப்படி நிற்கவில்லை. ஊசியின் தைரியத்தில் வெட்டியதில் அதிகம் நைந்திருந்தது. நடுவில் ஒரு நாள் ஆசைப்பட்டு முழு நாள் மம்பட்டி பிடித்து, இரண்டு வாரம் பின்னால் போனார். கார்த்திகையில்தான் கத்தியைத் தயக்கமின்றிப் பிடித்தார். அதுவரை தண்ணீர் பாய்ச்சவும் காவலுக்கும் போனார். வருமானம் குறைந்தது. மனைவியின் பால் காசில் வீடு நடந்தது. காலைப் பாலைக் கறந்தவர் கணவர்.

அடுத்த வெட்டுக்குப் போகும்போது அவர் செவிலியரிடம் சொன்னது:

"இப்ப பிடியில டியூப் சுத்தியிருக்கேன் நர்சம்மா. அரை மணிக்கு ஒரு தடவை நிக்கிறேன். மேஸ்திரி முறைக்கிறாரு. முறைக்கட்டும். சாயந்திரம் என் கணக்கு மத்தவங்களைவிடக் குறையறதில்லை."

மனைவி சொன்னது:

"கம்மல் இன்னும் அடகுலதான் இருக்கு. தை பொறந்தா மீட்டுத் தர்றேன்னாரு. கை இருக்கு, மீட்டுடலாம்."

தம்பதிகளே! இன்று இரவு ஒருவரை ஒருவர் கேளுங்கள்: "உன் கை வலிக்குதா?" மறைக்காமல் பதில் சொல்லுங்கள். சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது.

வலியை மறைக்காதீர்!
ஊசியை நாடி ஓடாதீர்!
பயிற்சியைப் பாதியில் விடாதீர்!

இந்தப் பிரசுரத்தைப் படித்த பின் தூக்கி எறியாதீர்கள். அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.